நிலவு இரவுக்கு மண் கணப்பு: கணக்கு சரி, கடைச்சரக்கு சரியில்லை

கேள்வி: நாங்கள் சேலத்தில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் நான்கு மாணவிகள். நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கும் சிறு ஊர்தி இரவுக் குளிரில் செயலிழக்காமல் இருக்க, அங்குள்ள மண்ணுடன் மக்னீசியத் தூளைக் கலந்து எரித்து வெப்பம் பெறுவது எங்கள் திட்டப்பணி. இது நடக்குமா? இரவு முழுவதும் சீரான வெப்பம் கிடைக்குமா? 'நாசா தர நிலவு மண்' தருவதாக ஒருவர் விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: நடக்கும். வெப்பம் தானாகச் சீராக வராது, வரவைப்பதுதான் உங்கள் திட்டப்பணி. அந்த மண்ணை வாங்காதீர்கள்.

நிலவு மண்ணின் எடையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன்தான். அது காற்றாக இல்லை. சிலிக்கான், இரும்பு, அலுமினியம், கால்சியம் ஆகியவற்றோடு பிணைந்து கிடக்கிறது. மக்னீசியத்துக்கு ஆக்சிஜன் மீது இவற்றில் பலவற்றைவிடப் பிடிப்பு அதிகம். சூடேற்றித் தொடங்கிவைத்தால் சிலிக்காவிடமிருந்தும் இரும்பிடமிருந்தும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு வெப்பத்தை வெளிவிடும். காற்றே தேவையில்லை. தண்டவாளம் இணைக்கப் பயன்படும் தெர்மைட் வேலைசெய்வதும் இப்படித்தான். டெக்சாஸில் எல் பாசோ பல்கலைக்கழகத்தார் செயற்கை நிலவு மண்ணையும் மக்னீசியத்தையும் ஆக்சிஜனே இல்லாத ஆர்கான் வாயுவில் எரித்துக் காட்டியிருக்கிறார்கள். வர்ஜீனியா டெக் குழுவினர் அலுமினியத்தை வைத்து 2010இல் இதையே செய்தார்கள். ஆனால் அவர்கள் தேடியது கட்டுமானக் கல். நீங்கள் தேடுவது வெப்பம்.

இந்தத் தேவை உண்மையானது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரமும் பிரக்யானும் செப்டம்பர் தொடக்கத்தில் உறங்கவைக்கப்பட்டன. 22ஆம் தேதி எழுப்பியபோது பதில் வரவில்லை. 1970இல் இறங்கிய சோவியத்தின் லூனோகோட் ஊர்தி பல இரவுகளைத் தாண்டியதற்குக் காரணம், உள்ளே இருந்த பொலோனியத்தின் கதிரியக்க வெப்பம். அப்படிப்பட்ட கதிரியக்கப் பொருள் கல்லூரிக்கு எளிதில் கிடைக்காது. அதனால் உங்கள் வழியை நான் மதிக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் ஊர்தியின் மின்னணுப் பெட்டிக்கு 5 வாட் வெப்பம் போதும் என்று வைத்துக்கொள்வோம். நிலவின் ஓர் இரவு சுமார் 354 மணி நேரம். மொத்தத் தேவை ஏறக்குறைய 64 லட்சம் ஜூல். ஒரு கிலோ லித்தியம் மின்கலம் 200 வாட்-மணி தரும் என்று கொண்டால், 9 கிலோ மின்கலம் சுமக்க வேண்டும். மக்னீசியக் கலவை ஒரு கிராமுக்கு 1,500 ஜூல் தருவதாகத் தாராளமாகக் கொண்டால், 4.3 கிலோ கலவை போதும். அதில் கால் பங்குதான் மக்னீசியம். பூமியிலிருந்து போக வேண்டியது ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். மண் அள்ளும் கருவி, டப்பா ஆகியவற்றின் எடை தனி. இந்த ஒரு பத்தியை உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. கலவை சிறிது நேரத்தில் எரிந்து தீர்ந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் போய்விடும். ஆகவே மொத்தத்தையும் ஒரே கட்டியாக வைக்கக் கூடாது. பத்துப் பத்துக் கிராம் வில்லைகளாக அழுத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனி மின்கம்பியால் பற்றவைத்தால், ஏறத்தாழ 50 நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இரவு கழியும். இடைப்பட்ட நேரத்தில் வெப்பத்தைப் பிடித்துவைக்க எரியாத மண்ணே உதவும். கடலை வறுப்பவரின் மணல் அடுப்பை அணைத்த பிறகும் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். நிலவு மண்ணோ அதைவிடப் பல மடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்தும். விக்ரமில் இருந்த வெப்பமானி, மேற்பரப்புக்கும் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் இடையில் சுமார் 60 டிகிரி வேறுபாட்டைக் காட்டியது. ஒன்றை மறக்காதீர்கள்: வெற்றிடத்தில் மக்னீசியம் உருகும் முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். திறந்த தட்டில் வைத்தால் எரிபொருள் பறந்துவிடும். மூடிய கலம் கட்டாயம்.

இனி அந்த விலைப்புள்ளி. இதைப் பற்றிச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். 'நாசா தரம்' என்றொரு தரமே கிடையாது. ஜேஎஸ்சி-1ஏ என்ற புகழ்பெற்ற செயற்கை மண், அரிசோனாவின் மெரியம் எரிமலைவாய்ச் சாம்பலிலிருந்து செய்தது. அது நிலவின் கருநிறச் சமவெளி மண்ணுக்கு ஒப்பானது. துருவப் பக்கத்து வெளிர்நிற மேட்டுநில மண்ணுக்கு அல்ல. தரகர் அனுப்பப்போவது பெரும்பாலும் அதுகூட இல்லை. ஜல்லி ஆலையில் மிஞ்சும் கருங்கல் தூளைச் சலித்து, அழகான சீசாவில் அடைத்து, சான்றிதழ் ஒட்டியிருப்பார்.

கருங்கல் தூளில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். இரும்புதான். நிலவில் காற்றும் ஓடும் நீரும் இல்லாததால் இரும்பு பெரும்பாலும் துருவின் நிலைக்குப் போவதில்லை. பூமியின் பாறையில் ஒரு பகுதி இரும்பு துரு நிலையில் இருக்கும். அதில் ஆக்சிஜன் கூடுதல். கூடுதல் ஆக்சிஜன், கூடுதல் வெப்பம். உங்கள் சோதனை பிரமாதமாக எரியும், ஆனால் நிலவில் அந்த வெப்பம் வராது. இதோடு ஈரமும் சேரும். மக்னீசியத் தூளும் ஈரமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும்.

பகுப்பாய்வு அறிக்கை இருக்கிறதே என்று தரகர் நீட்டுவார். வழக்கமான எக்ஸ்-கதிர்ச் சோதனை இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லாது. எல்லா இரும்பையும் ஒரே ஆக்சைடாக எழுதிவிடும். இரும்பின் இரு நிலைகளையும் பிரித்துக் காட்டும் டைட்ரேஷன் என்ற வேதிச் சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். தரகர் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார். கல்லூரிக் கொள்முதல் குழுவோ மூன்று விலைப்புள்ளி இருக்கிறதா, குறைந்த விலை எது என்று மட்டும் பார்க்கிறது. ஒரே தரகர் மூன்று முகவரித்தாளில் மூன்று விலை எழுதித் தருகிறார். விதி நிறைவேறிவிடுகிறது, ஆய்வு வீணாகிறது. பொருளின் இயல்பைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்காத ஒரு படிவத்தை எத்தனை ஆண்டுதான் நிரப்பிக்கொண்டிருப்பது?

உங்களுக்குத் தேவையான பாறை உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறையிலிருந்துதான் இஸ்ரோ தன் மேட்டுநிலச் செயற்கை மண்ணைச் செய்தது. சந்திரயான் தரையிறங்கியைச் சோதித்தது அந்த மண்ணில்தான். பிரக்யான் அளந்த மண்ணும் அனார்த்தசைட் வகைக்கு நெருக்கமாகவே இருந்தது. நீங்களே போய்ச் சுத்தியலால் உடைக்க வேண்டாம். அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கு வழிகாட்டி ஆசிரியர் மூலம் கடிதம் எழுதுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தேர்வாளர் நிச்சயம் கேட்பார். எல்லா நிலவு மண்ணும் மேட்டுநில மண்ணைப் போல இரும்பு குறைந்தது அல்ல. அப்போலோ 11 இறங்கிய அமைதிக் கடல் என்ற கருநிறச் சமவெளியிலும் அப்போலோ 17 இறங்கிய பள்ளத்தாக்கிலும் இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியக் கனிமம் நிறைய இருக்கிறது. அங்கே எடையில் 15 விழுக்காட்டுக்கு மேல் இரும்பு ஆக்சைடு உண்டு. மேட்டுநிலத்தில் 5 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனைச் சிலிக்காவைவிட எளிதில் விட்டுவிடும். அதனால் அங்கே அதே மக்னீசியத்துக்குக் கூடுதல் வெப்பம் கிடைக்கும், பற்றவைப்பதும் எளிது. ஆனால் உங்கள் ஊர்தி இறங்குவது தென்துருவப் பக்கம். அமைதிக் கடலின் எண்களை அங்கே கொண்டுபோய் ஒட்டாதீர்கள். இரண்டு மண்ணுக்கும் இரண்டு அட்டவணை போடுங்கள். சராசரி எடுக்கவே எடுக்காதீர்கள்.

கடைசியாக, கலவையைக் கல்லூரியில் பற்றவைக்காதீர்கள். மக்னீசியத் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெரிதாகும். கரியமில வாயு அணைப்பானும் அதை அணைக்காது. எரிப்புச் சோதனை உரிமமும் பயிற்சியும் உள்ள ஆய்வகத்தின் வேலை. உங்கள் வேலைக்கு நெருப்பே வேண்டாம். காய்ந்த அனார்த்தசைட் தூளில் சிறு மின் ஹீட்டர் ஒன்றைப் புதைத்து, ஒரு வில்லை தரும் 15,000 ஜூலை ஓரிரு நிமிடத்தில் செலுத்துங்கள். வெற்றிடக் கலத்தில் வைத்து, 50 நிமிடத்தில் அந்தச் சூடு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்து எழுதுங்கள்.