கேள்வி - பதில்: கோவை ஜங்ஷனில் இறங்கி, கல்யாணச் சாமான் வாங்கி

கே: வைகாசியில் மகள் கல்யாணம். ரயிலில் கோவை வந்து கூறைச்சேலை, நகை, சீர்ப் பாத்திரம் எல்லாம் ஒரே நாளில் வாங்கித் திரும்ப முடியுமா?
- ஈரோடு வாசகி

ப: முடியுமுங்க. ஜங்ஷனில் இறங்கியதும் எல்லோரும் ஸ்டேட் பேங்க் ரோடு முன்வாசலுக்குத்தான் போவார்கள். கடைவீதி இருப்பது தண்டவாளத்துக்கு மேற்கே. முன்வாசலில் ஆட்டோ பிடித்தால் லங்கா கார்னர் பாலத்தடியில் சுற்றி வர வேண்டும்; மழை பெய்தால் அங்கே தண்ணீர் கட்டி வண்டி நகராது. குட்ஷெட் ரோடு பின்வாசலில் வெளியேறினால், கடைவீதிகள் இருக்கும் டவுன்ஹால் பகுதி நடை தூரம்தான்.

முதலில் ராஜ வீதியில் நகை. பில்லில், எழுத்தும் இலக்கமும் கலந்து ஆறு குறிகள் கொண்ட ஹால்மார்க் எண் இருக்கிறதா என்று பார்த்து, அதே எண் நகையிலும் பொறித்திருக்கிறதா என்று லென்ஸில் காட்டச் சொல்லுங்கள். அடுத்து ஒப்பணக்கார வீதியில் சேலை. பாத்திரம் கடைசியில், முதலில் வாங்கினால் அந்தச் சுமையோடு மற்ற கடைகளில் நிற்க முடியாது. மாசியில் வருவதானால் கோனியம்மன் தேர் நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்டேஷன் கிளோக் ரூமில் (பயணிகள் பைகளை ஒப்படைத்து வைக்கும் அறை) பூட்டு இல்லாத பையை எடுக்க மாட்டார்கள். கடையில் தரும் கட்டைப்பைகள் அங்கே செல்லாது. பூட்டுப் போடக்கூடிய பெரிய பை ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்து, துணியை அதில் மாற்றிப் பூட்டிக் கொடுங்கள். டிக்கெட்டைக் காட்ட வேண்டும். நகையை மட்டும் அங்கே வைக்கவே வேண்டாம்.

காலையிலேயே திரும்பும் டிக்கெட்டும் எடுத்து ஏமாறுபவர்கள் நிறைய. 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லா டிக்கெட், எடுத்த 3 மணி நேரம் வரையோ அடுத்த முதல் வண்டி கிளம்பும் வரையோ, எது பிந்தியதோ அதுவரைதான் செல்லும். அதனால் வேலை முடிந்த பிறகே எடுங்கள். சூப்பர்பாஸ்ட் வண்டி என்றால் 15 ரூபாய் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

கே: சீர் அண்டாவை நாங்கள் பயணம் செய்யும் ரயில் பெட்டியிலேயே ஏற்றலாமா?
- பெருந்துறை வாசகர்

ப: இரண்டாம் வகுப்பில் ஆளுக்கு 35 கிலோ இலவசம். எடை குறைவாக இருந்தாலும் அளவு இடிக்கும்: 100 x 60 x 25 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது பிரேக் வேனில்தான் (ரயிலில் சரக்கு ஏற்றும் தனிப் பெட்டி) போக வேண்டும். பெரிய அண்டா உயரத்திலேயே அதைத் தாண்டிவிடும். வண்டி கிளம்ப 30 நிமிடம் முன்பாவது லக்கேஜ் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதியாமல் ஏற்றிப் பிடிபட்டால் கூடுதல் எடைக்கு லக்கேஜ் கட்டணத்தைப் போல 6 மடங்கு வரை கட்ட நேரும். டவுன்ஹாலிலேயே லாரி பார்சலில் போட்டுவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. அடுக்குப் பாத்திரம், குத்துவிளக்கை மட்டும் கையில் எடுத்துவாருங்கள்.

கே: டிக்கெட்டில் போத்தனூர் என்று இருக்கிறது. ஜங்ஷனில் ஏறலாமா?
- சூலூர் வாசகர்

ப: கூடாதுங்க. சில கேரள வண்டிகள் ஜங்ஷனுக்கு வராமல் இருகூரிலிருந்து நேரே போத்தனூர் போய்விடும். ஜங்ஷனுக்குக் குறியீடு சி.பி.ஈ., போத்தனூருக்குப் பி.டி.ஜே. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அந்த மூன்று எழுத்தைப் பாருங்கள்.