வெப்பமான ஊரில் நத்தார், பொங்கல் காலத்தை வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் எப்படிக் கழிக்கும்?

ரொறன்ரோவில் 22 வருடம் இருந்துவிட்டு, வேலை காரணமாக 2023 நவம்பரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வந்தேன். நான் இங்கே பிறந்தவன். பிள்ளைகளுக்கு இது வெளிநாடு, எனக்கும் அரைவாசி வெளிநாடு என்பது வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் இங்கே வெயில் காலம் இல்லை, மாரி. ஒக்டோபரில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை டிசம்பரிலும் விடாது. பகலில் 28 பாகை வரும், இரவில் 23, 24. கிணறு முட்டி நிற்கும், வளவு முழுக்கத் தவளைச் சத்தம். உங்களை வாட்டப்போவது வெயிலைவிடப் புழுக்கம்தான். தோய்த்த உடுப்பு இரண்டு நாளாகியும் காயாமல் ஒரு மணம் மணக்கும். தோல் செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். அதோடு நுளம்பு. மழைக்குப் பின்னால் டெங்கு கூடும் காலம் இது. எனவே பரிசுப் பொருட்களுக்கு முன்னால் நுளம்பு வலையை வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் முதல் குழப்பம் ஒரு சொல்லால் வந்தது. ஒருநாள் விடியற்காலை அம்மா என் எட்டு வயது மகனிடம், "ராசா, வெளியில பனி பெய்யுது, தலையில துணியைக் கட்டிக்கொண்டு போ" என்றார். ரொறன்ரோத் தமிழ் வகுப்பில் பனி என்றால் ஸ்னோ என்று படித்தவன். வெறுங்காலோடு முற்றத்துக்குப் பாய்ந்து ஓடினான். வானத்தைப் பார்த்தான், செவ்வரத்தை இலையைத் தடவினான், நனைந்த உள்ளங்கையோடு திரும்பி வந்தான்.

"அப்பம்மா, இது தண்ணி."

"அதுதான் ராசா பனி. சளி பிடிக்கப்போகுது, உள்ளுக்கு வா."

அன்றைக்கு அவனைக் கூட்டிப்போன ஓட்டோக்காரர் ஸ்வெட்டர் போட்டு, காதை மூடி மஃப்ளர் கட்டியிருந்தார். இவன் பின்னால் இருந்து ரீசேர்ட்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

மனைவி பாஷையூர்க் கத்தோலிக்கக் குடும்பம், நான் கொக்குவில் சைவம். அதனால் எங்களுக்கு இரண்டு பக்கமும் வேலை. 2023இல் திருவெம்பாவை டிசம்பர் 18இல் தொடங்கி 27இல் முடிந்தது, நத்தார் அதற்குள்ளேயே வந்து விழுந்துவிட்டது. விடிய நாலரைக்குச் சங்கும் சேமக்கலமுமாகத் தெருவில் பாடிக்கொண்டு வருவார்கள், இரவில் கரோல் கோஷ்டி வரும். நித்திரை எப்போது என்று மகள் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

நத்தார் மரத்துக்கு மாமனார் ஒரு சவுக்குக் கொப்பை வெட்டி வந்து வாளி மண்ணில் நட்டார். அதன்மேல் வழக்கம்போலப் பஞ்சை உதிர்த்துப் போட்டோம். மழைக்காற்றில் ஈரம் ஊறி, மறுநாள் அது நனைந்த கோழி இறகு மாதிரித் தொங்கியது. மனைவி ரொறன்ரோவில் செய்வதுபோல ஒரு பட்டர் ஐசிங் கேக் செய்தாள். பின்னேரம் மின்சாரம் போனது, மின்விசிறி நின்றது, ஐசிங் மெல்ல மெல்லத் தட்டுக்கு இறங்கிவிட்டது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அலுமாரியிலிருந்து தன்னுடைய நத்தார் கேக்கை எடுத்து வைத்தார். ரவை, கஜு, முந்திரிகை வற்றல், பூசணிக்காய்ப் பாகு எல்லாம் போட்டு, பழங்களைப் பிராந்தியில் ஊறவைத்துச் செய்தது. கடதாசியில் சின்னச் சின்னத் துண்டாகச் சுற்றிவைத்தால் கிழமைக்கணக்கில் கெடாது. ஐசிங் ஒன்றும் வேண்டாம், இந்தச் சுவாத்தியத்துக்கு இதுதான் கேக். கெடாதே தவிர எறும்பு வரும். அதற்கு அவர் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, அதன் நடுவில் கேக் டின்னை வைத்தார். இதை மட்டும் மறக்காதீர்கள். நாங்கள் முதல் இரவே மறந்தோம்.

நள்ளிரவுத் திருப்பலிக்குக் கோயில் நிறைந்து, வெளியே பந்தலுக்குள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தோம். பருத்தி உடுப்பே போதும். கோட், டை எல்லாம் பெட்டியில் கிடக்கட்டும். அங்கிருந்து மச்சாளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம், ரொறன்ரோவில் அப்போது 24ஆம் திகதி மத்தியானம் ஒன்றரை. அவள் ஸ்னோவைக் காட்டுவாள் என்று பிள்ளைகள் காத்திருக்க, அவளோ "பந்தலில மழை விழுற சத்தத்தைக் கேக்க விடுங்கோ" என்றாள்.

26ஆம் திகதி காலையில் மட்டும் வெடி, பாட்டு வேண்டாம். 2004 ஆழிப்பேரலையில் வடமராட்சி கிழக்குக் கரையோரம் இழந்தவர்களை நினைக்கிற நாள் அது. பின்னேரம் எங்கள் வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சினோம். ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு, அதன் மாவில் செய்வது. நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளி எல்லாம் போட்டு, கொதிக்கக் கொதிக்கப் பிலாவிலையில் குடிப்பது. வேர்க்கிற நாட்டில் இதைக் குடித்து இன்னும் வேர்ப்பதில் என்ன சுகம் என்று கேட்காதீர்கள், குடித்துப் பாருங்கள்.

மற்றபடி பொங்கல் எளிது, முற்றத்தில் அடுப்பு வைக்க மழை விட்டால் சரி. உண்மையான வெக்கைத் திருவிழா வேண்டுமென்றால் ஓகஸ்ட் அளவில் நல்லூருக்கு வாருங்கள். 25 நாள் திருவிழா, ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், சுடுமணலில் வெறுங்கால். தேருக்கு விடியவே போய்விடுங்கள், திரும்பும்போது தண்ணீர்ப் பந்தலில் மோர் கிடைக்கும்.

என்ன உடுப்புக் கொண்டுவருவது என்பதுதான் எல்லோரும் கேட்கிற அடுத்த கேள்வி. நாங்கள் குளிர் உடுப்பு முழுவதையும் ரொறன்ரோவில் விட்டு வந்தோம். இரண்டாம் மார்கழியில் ஒருநாள் விடிய மகன் குறண்டிக்கொண்டு வந்து, "அப்பம்மா, குளிருது" என்றான். அப்போது 24 பாகை. அன்று பின்னேரமே யாழ்ப்பாணக் கடைத்தெருவில் அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன்.