போன் தொலைந்தால் டிரைவில் உள்ள பாஸ்போர்ட் நகலை எடுப்பது எப்படி?

ஐரோப்பா போகுமுன் பாஸ்போர்ட், விசா நகல்களை கூகுள் டிரைவில் போட்டுவிட்டீர்கள், ஆனால் போன் திருடுபோனால் ஓடிபி அதே சிம்முக்குத்தானே வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் யோசிக்காமல் விடும் இடம் இது.

கூகுள் கணக்கில் பாதுகாப்பு, 2 படிச் சரிபார்ப்பு, பேக்கப் கோடுகள் என்று போங்கள். ஓடிபிக்குப் பதிலாகப் போடக்கூடிய 8 இலக்க எண்கள் (கோடுகள்) 10 கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். காகிதத்தில் எழுதி, போன் இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள். புதிதாக எடுத்தால் பழையவை செல்லாது. பாஸ்வேர்டு உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். போனே நினைவில் வைத்திருந்தால் கோடு மட்டும் உதவாது. கிளம்புமுன் வேறொருவர் கணினியில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து ஒரு கோடு போட்டு நுழைந்து பாருங்கள்.

டிஜிலாக்கரை மட்டும் நம்ப வேண்டாம், அதற்கும் ஓடிபி வேண்டும்.

பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தோடு, முகவரி உள்ள கடைசிப் பக்கம், விசா ஒட்டிய பக்கம், காப்பீட்டுப் பாலிசி எல்லாம் சேருங்கள். இறங்கியதும் நுழைவு முத்திரை குத்தினால் அதையும் படமெடுத்து ஏற்றுங்கள். ஆதார் வேண்டுமென்றால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். 'லிங்க் உள்ள எவரும்' என்ற பகிர்வு வேண்டவே வேண்டாம். ஊரில் இருக்கும் ஒருவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

நகலை வைத்து விமானம் ஏற முடியாது. பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீஸ் புகாரோடு இந்தியத் தூதரகத்தில் எமர்ஜென்சி சர்டிபிகேட் (இந்தியா திரும்புவதற்கு மட்டும் தரும் பயண ஆவணம்) கேட்கும்போதுதான் இந்த நகல் கைகொடுக்கும். இரண்டு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படமும் கையில் இருக்கட்டும்.