தம்பியின் உதவித்தொகை அண்ணி கையில்: புகாரை எங்கே தொடங்குவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். சித்தி இறந்த பிறகு, அறிவுசார் குறைபாடுள்ள அவருடைய இளைய மகன் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். வயது 31. அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் அவன் கணக்கில் ஏறுகிறது, ஏ.டி.எம். அட்டை அண்ணியிடம். அவனோ மெலிந்து, அழுக்குச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். யாரிடம் புகார் செய்வது? என் பெயர் வெளியே வருமா?

பதில்: அட்டை அண்ணியிடம் இருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. வளர்ந்த ஓர் ஆளைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, மருத்துவமனைக்கும் அழைத்துப் போகும் வீட்டில் அந்தப் பணம் அரிசியோடும் வாடகையோடும் கலந்துதான் செலவாகும். 2,000 ரூபாயில் இதையெல்லாம் செய்துவிட முடியும் என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் செய்து பார்க்கட்டும். ஆகவே ‘அண்ணி புதுப் புடவை வாங்கினார்’ என்பது விசாரணையில் நிற்காது. தம்பியின் உடல்நிலை நிற்கும். புகாரை அங்கிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் தம்பியிடமே தனியாகப் பேசுங்கள். சாப்பிட்டாயா, யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டால், அவனுக்குத் தெரிந்த வகையில் சொல்வான். விசாரணைக்கு வருபவரும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது, அண்ணன் சட்டப்படி பாதுகாவலரா என்பது. தாய் இறந்ததும் அந்தப் பொறுப்பு தானாக மூத்த மகனுக்கு வந்துவிடாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு நியமித்திருக்க வேண்டும். நியமிக்கப்பட்டவர் ஆண்டுதோறும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அவர் தம்பியைப் புறக்கணித்தாலோ சொத்தைக் கையாடினாலோ, அவரை நீக்கும்படி 17-ஆவது பிரிவின்கீழ் உறவினர் மனு கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லாத இந்த வழி உங்களுக்கு இருக்கிறது. நியமனமே நடக்கவில்லை என்றால், தகுந்த ஒருவரை நியமிக்கும்படி அதே குழுவிடம் கேளுங்கள்.

பட்டினி, அடி என்றால் கதையே வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 7-ஆவது பிரிவின்படி, கொடுமையோ சுரண்டலோ நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் அந்தப் பகுதியின் நிர்வாக நடுவருக்கு (நடுவர் அதிகாரம் உள்ள அரசு அதிகாரிக்கு) தகவல் தரலாம். பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவு மறுத்தால், 92-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. இன்றைக்கே ஆபத்து என்றால் மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், 100-ஐ அழையுங்கள்.

மனு எழுதித் தருபவர்கள் சிலர் 91-ஆவது பிரிவையும் சேர்த்துவிடுவார்கள். அது மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெறுபவர்களுக்கானது. உங்கள் தம்பி உண்மையான பயனாளி. மனு ‘போலிப் பயனாளி’ என்ற தொனியில் போனால், நிற்கப்போவது அவனுடைய பணம்தான். ‘உதவித்தொகையை நிறுத்துங்கள்’ என்று எழுதாமல், ‘நேரில் விசாரித்து, அது அவன் பராமரிப்புக்கே செல்ல வழிசெய்யுங்கள்’ என்று எழுதுங்கள்.

ஒரு பக்கம் போதும். எந்த நாளில் என்ன பார்த்தீர்கள் என்பது மட்டும். தெருவில் கேள்விப்பட்டது வேண்டாம். படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள், அவமானம் அவனுக்குத்தான். ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். நகல் ஒன்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்புங்கள். முதல்வரின் உதவி மையமான 1100-இலும் பதிவு செய்யலாம்.

பெயரைப் பொறுத்தவரை, மொட்டைக் கடிதத்துக்கு மதிப்பில்லை. கையெழுத்திட்டு, அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்று மனுவிலேயே கேளுங்கள். ஆனாலும் உறவுக்குள் ஊகித்துவிடுவார்கள். அந்த மனத்தாங்கலுக்குத் தயாராக இருங்கள். ‘அண்ணன் வீட்டில் வேண்டாம் என்றால் எங்கே இருப்பான்?’ என்று அதிகாரி கேட்பார். உங்கள் வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.