நெல்லையில் நகரப் பேருந்துகளைப் பெருக்கக் கூடுதல் வரி வாங்குவது நியாயமா?

திருநெல்வேலி போன்ற நடுத்தர நகரத்தில் பேருந்துச் சேவையை விரிவாக்க எல்லோரிடமும் வரி வாங்கலாமா, அல்லது பயணம் செய்கிறவர்களே கட்டணத்தின் வழியாக அந்தச் செலவை ஏற்க வேண்டுமா என்பது கேள்வி. பேட்டையில் குடியிருந்து பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிற, வண்டி ஓட்டத் தெரியாத பெண் நான். வரி வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும் என்பது என் பதில். ஆனால் அந்தப் பணம் கட்டடத்துக்குப் போகாமல், சாலையில் ஓடும் பேருந்துக்கே போய்ச் சேர வேண்டும்.

மெட்ரோ ரயில் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையில் உள்ள 20 லட்சம் மக்கள்தொகை வரம்பைக் காட்டி, 2025 நவம்பரில் கோவை, மதுரைத் திட்டங்களையே மத்திய அரசு திருப்பி அனுப்பியது. நம் மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 4.74 லட்சம்தான். ஆகவே நம்மைப் பொறுத்தவரை பொதுப் போக்குவரத்து என்றால் டவுன் பஸ்தான்.

கட்டணத்தைக் கொண்டே டவுன் பஸ்ஸை நடத்திவிடலாம் என்று நம்புகிறவர்கள், எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் வண்டிகள் கிடைக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை, புதிய பேருந்து நிலையம் என்று போகும் முதன்மைச் சாலையில் காலை நேரத்தில் அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருகின்றன. அங்கே கூட்டம் இருக்கிறது, வசூலும் இருக்கிறது. ஆனால் டவுனில் ரத வீதிகளில் உள்ள துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு, இரவு கடை அடைத்த பிறகு சுத்தமல்லிக்கோ கோபாலசமுத்திரத்துக்கோ திரும்ப வேண்டிய பெண்ணுக்கு அந்த நேரத்தில் வண்டி கிடைப்பது நிச்சயமில்லை. அவளைப் போன்ற பத்துப் பேருக்காக இரவில் ஒரு ட்ரிப் அடித்தால் டீசல் செலவுக்குக்கூட வசூல் வராது. இலாபம் பார்த்து நடத்துகிற எவரும் அந்த ட்ரிப்பை எடுக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த ஒரு வண்டி இல்லாததால்தான் பல வீடுகளில் பெண்ணை வேலைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள், அல்லது சம்பளத்தில் ஒரு பகுதியை ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்கள். இந்த இழப்பு எந்தப் பேருந்து நிறுவனத்தின் கணக்கிலும் நட்டமாக எழுதப்படுவதில்லை.

இன்னொன்றையும் விளக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் கால் மணிக்கு ஒரு வண்டி விட்டால், புதிதாக ஏறுகிறவர்களுக்கு மட்டுமன்றி, ஏற்கெனவே அந்தத் தடத்தில் போய்வருகிற ஒவ்வொருவருக்கும் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. அந்த நன்மைக்கு யாரிடமும் தனியாகச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துப் பணம் வாங்க முடியாது. கூடுதல் வண்டிக்கான செலவு உடனே கணக்கில் ஏறிவிடுகிறது. அதன் பலனில் பெரும்பகுதி வசூலில் தெரிவதே இல்லை. வசூலை மட்டும் பார்த்து வண்டிகளின் எண்ணிக்கையை முடிவு செய்தால், மக்களுக்குத் தேவையானதைவிட எப்போதும் குறைவான வண்டிகளே ஓடும். கட்டணத்தை உயர்த்தி ஈடுகட்டலாம் என்றால், 2018 ஜனவரியில் கட்டணம் உயர்ந்தபோது மாநிலம் முழுவதும் மாணவர்கள் தெருவுக்கு வந்ததும், சில நாள்களிலேயே அரசு அதை ஓரளவு குறைக்க நேர்ந்ததும் நினைவில் இருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், "நான் பஸ்ஸுல ஏறியே வருசக்கணக்கா ஆச்சும்மா, நான் எதுக்குத் துட்டு குடுக்கணும்?" என்று கேட்டார். நேர்மையான கேள்விதான். அவர் கடையில் வேலை செய்கிற இரண்டு பையன்களும் பஸ்ஸில்தான் வருகிறார்கள். தீபாவளி நேரத்தில் டவுனுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது அவரே வண்டியை நிறுத்த இடமில்லாமல் அலைகிறார். ஒரு பேருந்தில் போகிற ஐம்பது பேரும் ஆளுக்கொரு வண்டியில் வந்தால் ஆற்றுப்பாலமும் தாங்காது, ரத வீதியும் தாங்காது. பேருந்தில் ஏறாதவருக்கும் பேருந்து உதவுகிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டார்; வரி விஷயத்தில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வரிக்கு எதிராக நம் ஊரில் அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் சுலோசன முதலியார். 1843இல் தாமிரபரணியின் குறுக்கே பாலம் கட்டத் தேவைப்பட்ட பணத்தை, மக்கள் தலையில் சுமத்தாமல் தாமே கொடுத்த அந்தப் பெருந்தகையை நானும் வணங்குகிறேன். இன்றும் அவர் பெயர் சொல்லியே நாம் ஆற்றைக் கடக்கிறோம். ஆனால் பாலம் ஒருமுறை கட்டி முடிப்பது. பேருந்துக்கு ஒவ்வொரு நாளும் டீசல் வேண்டும், ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாதந்தோறும் சம்பளம் வேண்டும், சில ஆண்டுகளில் வண்டியையே மாற்ற வேண்டும். எவ்வளவு பெரிய கொடையாளியானாலும் இந்தச் செலவைத் தலைமுறைகளுக்குத் தாங்க முடியாது. முதலியார் கட்டிய பாலத்தையே பிற்காலத்தில் அகலப்படுத்தியது பொதுப்பணம்தான்.

நகரத்துக்காரர்களின் பஸ்ஸுக்கு அம்பாசமுத்திரத்து விவசாயி ஏன் வரி கட்ட வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கோ வரும்போது, வெளியூர் வண்டியிலிருந்து இறங்கி டவுன் பஸ்தான் ஏறுகிறார். வெளியூர்ப் பேருந்துகளுக்கான நிலையம் 2003இல் வேய்ந்தான்குளத்துக்குப் போன பிறகு இந்தத் தேவை கூடித்தான் இருக்கிறது.

எந்த வரி என்பதில்தான் நான் மிகவும் கவனமாக இருக்க விரும்புகிறேன். சொத்து வரியைத் தொடக் கூடாது. 2022 ஏப்ரலில் 600 சதுர அடிக்கும் குறைவான வீட்டுக்கே 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடும் அது உயர்ந்துவிட்டது. சொந்த வீட்டில் ஓய்வூதியத்தில் வாழ்கிற முதியவரிடம் இன்னும் கேட்பது அறமாகாது. தொழில் வரியை ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க அரசியலமைப்புச் சட்டமே இடம் தரவில்லை. மிஞ்சுவது மோட்டார் வாகன வரி. 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள இரு சக்கர வாகனத்துக்கு 10 விழுக்காடும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 விழுக்காடும் வாழ்நாள் வரியாக வாங்கப்படுகிறது. விலை உயர்ந்த கார்களுக்கு இதை இன்னும் சற்று உயர்த்தி, அந்தந்த மாவட்டத்தில் வசூலாகும் கூடுதல் தொகையை அந்தந்த நகரின் பேருந்துக்கே ஒதுக்க வேண்டும். சாலையில் அதிக இடத்தை எடுத்துக்கொள்கிறவர், குறைவாக எடுத்துக்கொள்கிறவருக்குத் தருகிற ஈடு அது. இரு சக்கர வாகனம் ஏழைக் குடும்பத்தின் வண்டி. அதன்மீது இனி சுமை ஏற்றக் கூடாது.

இனி, நிபந்தனை. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தால், மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வுப்படி, ஒரு பெண்ணுக்கு மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது. அதன் அருமையை நான் அனுபவத்தில் அறிவேன். ஆனால் அந்தச் சலுகை அரசின் சாதாரண நகரப் பேருந்தில்தான் செல்லும். தனியார் வண்டி மட்டுமே ஓடும் தடத்தில் குடியிருக்கிற பெண் இன்றும் காசு கொடுத்துத்தான் போகிறாள். சலுகை அறிவிப்பதற்கு முன்னால் வண்டி இருக்க வேண்டும். அதேபோல, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஜங்ஷன் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டியதும் வரிப்பணத்தில்தான்; அந்த வேலை இழுத்துக்கொண்டே போன ஆண்டுகளில் பயணிகள் வெயிலிலும் மழையிலும் சாலையோரம் நின்றார்கள். நிலையம் புதிதாவதால் மட்டும் ஒரு ட்ரிப்கூட அதிகமாகிவிடாது.

எனவே புதிய வரிப்பணத்தை ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கில் மட்டுமே வழங்க வேண்டும். சென்னையில் புதிய மின்சாரப் பேருந்துகளுக்கு இந்த முறையில்தான் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஓடாத ட்ரிப்புக்குப் பணம் இல்லை என்று எழுதிவைக்க வேண்டும். எந்தத் தடத்தில் எத்தனை ட்ரிப் ஒப்புக்கொள்ளப்பட்டது, எத்தனை ஓடியது என்பதை மாதந்தோறும் ஜங்ஷனிலும் டவுனிலும் பலகையில் ஒட்ட வேண்டும். முதல் ஆண்டுப் பணத்தில் அதிகாலை, இரவு ட்ரிப்புகளையும், மேலப்பாளையம், தச்சநல்லூர், பேட்டைக்கு அப்பால் உள்ள தடங்களையும்தான் தொடங்க வேண்டும்; ஏற்கெனவே வண்டிகள் நெருக்கியடிக்கிற முதன்மைச் சாலையில் இன்னும் நாலு வண்டியை விட்டுவிட்டு விரிவாக்கம் என்று சொல்வதை நாம் ஏற்கக் கூடாது.