சீனக் குளிரில் உடம்பைக் காப்பது: பாரம்பரிய சீன மருத்துவக் கேள்வி பதில்

சீனாவில் படிக்கிறவர்களும், வேலைக்குப் போனவர்களும், அவர்களோடு போய் இருக்கும் பெற்றோரும் கேட்ட கேள்விகள் இவை. ஊர் சொல்லிக் கேட்டவர்களுக்கு ஊர் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறேன். ஹார்பினில் இருப்பவருக்கு ஒத்துவருவது வூஹானில் இருப்பவருக்கு ஒத்துவராது.

ஹார்பின், மருத்துவ மாணவர்: அக்கா, வெளியே மைனஸ் 25. மருந்துக் கடையில் சொன்னார்கள் என்று தினமும் இஞ்சி டீ, ஆட்டுக்கறி, சிவப்பு ஜின்செங் எடுக்கிறேன். இப்போது வாய்ப்புண், மூக்கில் ரத்தக் கசிவு. குளிருக்குச் சூடான பொருள்தானே சாப்பிட வேண்டும்?

தம்பி, மைனஸ் 25 தெருவில்தான். நீங்கள் நாளில் இருபது மணி நேரம் இருப்பது ஹீட்டர் ஓடும் அறையில். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே ஊர் முழுக்கக் குழாய் வழியாக வெப்பம் வருகிறது. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. உங்கள் ஊரில் அக்டோபர் பிற்பகுதியிலேயே தொடங்கி ஏப்ரல் வரை. அறைக்குள் 22, 23 டிகிரி, காற்றில் ஈரமே கிடையாது. அந்த வறட்சியின் மேல் இஞ்சி, ஆட்டுக்கறி, ஜின்செங் மூன்றையும் ஏற்றினால் சீன மருத்துவத்தில் 'ஷாங்ஹுவோ' என்பார்கள், அதாவது சூடு மேலே ஏறிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஜின்செங்கை இன்றே நிறுத்துங்கள். ஆட்டுக்கறி வாரம் ஒரு நாள் போதும். ஒரு பேரிக்காயைத் தோலோடு நான்காக வெட்டி விதையை எடுத்துவிட்டு, கற்கண்டு 10 கிராம், ஊறவைத்த உலர்ந்த லில்லிக் கிழங்கு இதழ் 10 கிராம், அரை டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கிண்ணத்தில் மூடி 40 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். மாலையில் வெதுவெதுப்பாகச் சாப்பிடலாம். இரவில் ஹீட்டர் மேல் ஈரத் துண்டு போடுங்கள். 'குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி' என்பது சீனர்களின் பழமொழி. குளிரில் கொழுப்பும் கறியும் அதிகம் உள்ளே போய்த் தேங்கும், முள்ளங்கி அதை இறக்கும் என்பது அவர்கள் கணக்கு. மூக்கின் மென்பகுதியை அழுத்திப் பிடித்தும் 20 நிமிடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வூஹான், ஆராய்ச்சி மாணவி: எங்கள் விடுதியில் ஹீட்டரே இல்லை. அறைக்குள் 8 டிகிரி. எலும்புக்குள் ஈரம் இறங்கின மாதிரி இருக்கிறது.

உங்களுக்குத்தான் இஞ்சி. சின்லிங் மலை, ஹுவாய் ஆறு கோட்டுக்குத் தெற்கே குளிரோடு ஈரமும் சேரும், காயவைத்த துணியும் நமுத்துப்போகும். இஞ்சி 10 கிராம், விதை நீக்கிய சிவப்பு இலந்தை 5, பழுப்புச் சர்க்கரை 15 கிராம், தண்ணீர் 500 மில்லி, சிறு தீயில் 15 நிமிடம். காலையில் அல்லது மதியத்துக்குள் குடித்துவிடுங்கள்; இரவில் குடித்தால் சிலருக்குத் தூக்கம் கெடும். இலந்தையை விதையோடு கொதிக்கவைத்தால் சூடு கூடும் என்று சீன வீடுகளில் எடுத்துவிடுவார்கள்.

மூடவேண்டிய இடங்கள் மூன்று: பிடரி, இடுப்பின் பின்பக்கம், கணுக்கால். தடித்த ஜாக்கெட் போட்டுவிட்டுக் கணுக்காலைத் திறந்து நடக்கிற இளைஞர்களைப் பார்த்துச் சீனப் பாட்டிகள் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இடுப்பில் ஒட்டும் 'நுவான்பாவ்பாவ்' சூட்டுப் பட்டையைத் தோலில் ஒட்டாதீர்கள், உள்ளாடைக்கு மேல் ஒட்டுங்கள். உள்ளே இருப்பது இரும்புத்தூள், கரி, உப்பு. காற்று பட்டதும் ஆக்சிஜனேற்றம் நடந்து 50 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூடு முதலில் சுகமாகத்தான் இருக்கும், வலி தெரியாமலே சில மணி நேரத்தில் தோல் வெந்துவிடும். ஒட்டிக்கொண்டு தூங்கவே கூடாது.

செங்டு, ஐடி வேலை: தாங்குய் வேர், இஞ்சி, ஆட்டுக்கறி சூப் செய்தேன். கசப்பு தாங்கவில்லை, கவிச்சி வேறு. எங்கே தப்பு?

இரண்டுக்கும் தனித்தனிக் காரணம். இந்த சூப்பை எழுதிவைத்தவர் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஹான் பேரரசில் வாழ்ந்த மருத்துவர் சாங் சோங்சிங். குளிரால் வரும் வயிற்றுவலிக்கும், பிள்ளை பெற்ற பெண்களின் வயிற்றுவலிக்கும் அவர் கொடுத்த மருந்து இது. அவர் அளவில் ஆட்டுக்கறி 16 பங்கு, இஞ்சி 5, தாங்குய் 3. அதை அப்படியே இன்றைய 500 கிராம் கறிக்குப் பெருக்கினால் தாங்குய் 90 கிராமுக்கு மேல் வரும், வாயில் வைக்க முடியாது. வீட்டுச் சூப்புக்கு 500 கிராம் கறிக்கு தாங்குய் 10 கிராம், இஞ்சி 30 கிராம் போதும்.

கவிச்சி வருவது கறியைக் கொதிக்கும் தண்ணீரில் போடுவதால். வெளிப்பக்கம் உடனே இறுகிவிடும், ரத்தம் உள்ளேயே நின்றுவிடும். பச்சைத் தண்ணீரில் கறியைப் போட்டுச் சூடாக்குங்கள். சாம்பல் நிற நுரை பொங்கி வரும்; அது அடங்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கறியை வெந்நீரில் கழுவுங்கள். குளிர்ந்த நீரில் கழுவினால் கறி விறைத்துப்போகும். பிறகு ஒன்றரை லிட்டர் வெந்நீர், நசுக்கிய இஞ்சி, கறி, சிறு தீயில் ஒரு மணி நேரம். தாங்குய் துண்டுகளைத் துணியில் முடிந்து கடைசி அரை மணி நேரத்துக்குப் போட்டால் போதும், கசப்பு இறங்காது. உப்பு இறக்கும்போது.

வாரம் ஒன்றிரண்டு முறை சரி. சளி, காய்ச்சல், தொண்டைப்புண், வயிற்றுப்போக்கு இருக்கும்போது வேண்டாம். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் உள்ளவர்கள் அந்த நாட்களில் தவிர்க்கவும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாது. தாங்குய் அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

குவாங்சோ, இல்லத்தரசி: நாங்கள் சுத்த சைவம். எங்களுக்கு?

ஆட்டுக்கறி இல்லாமலும் குளிர்காலம் ஓடும். சீன முறையில் குளிர்காலம் சிறுநீரகத்துக்கு உரியது, அதன் நிறம் கறுப்பு. அதனால் எள், கறுப்பு பீன்ஸ், அக்ரூட், செஸ்ட்நட், பெருவள்ளிக்கிழங்கு இனத்து 'ஷான்யாவ்' கிழங்கு எல்லாம் இந்தப் பருவத்துச் சாப்பாடு. அரிசி 50 கிராம், வறுத்துப் பொடித்த கறுப்பு எள் 15 கிராம், அக்ரூட் 3, தோல் சீவிய ஷான்யாவ் 50 கிராம் சேர்த்துக் கஞ்சி வையுங்கள். எள்ளை முழுதாகப் போட்டால் பாதி செரிக்காமலே வெளியேறும், பொடிக்கத்தான் வேண்டும். ஷான்யாவ் சீவும்போது கையுறை போடுங்கள், பால் பட்டால் சேனைக்கிழங்கு மாதிரியே அரிக்கும். மலம் இளகலாகப் போகிறவர்கள் எள்ளையும் அக்ரூட்டையும் பாதியாக்குங்கள்.

சியான், மகனோடு தங்கியிருக்கும் தாயார் (சர்க்கரை நோய், வயது 62): இங்கே எல்லாரும் ராத்திரி மூலிகை வெந்நீரில் கால் வைக்கிறார்கள். நானும் செய்யலாமா, அம்மா?

அம்மா, முதலில் ஒன்று சொல்லுங்கள். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்திருக்கிறீர்களா? பாதத்தில் மரமரப்பு, எரிச்சல், பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு உண்டா? இருந்தால் வேண்டாம். சூடு தெரியாத காலில் கொப்புளம் வந்து புண்ணாகி ஆறாமல் போவதைத்தான் இந்தப் பழக்கத்தில் நான் அதிகம் பயப்படுகிறேன். உங்களுக்குக் கம்பளிச் சாக்ஸும், சாப்பிட்டபின் பத்து நிமிட நடையும் போதும். கால் பக்கத்தில் வெந்நீர்ப் பை வேண்டாம்.

உணர்வு முழுதாக உள்ள மற்றவர்களுக்கான முறை இது. நம் ஊர் மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த 'ஐ' இலை உலர்ந்தது 30 கிராம், ஒன்றரை லிட்டர் நீரில் 15 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாமல் தெர்மாமீட்டர் வையுங்கள். கணுக்காலுக்கு மேல் நீர் நிற்க வேண்டும். 15 நிமிடம், அதிகம் போனால் 20. நெற்றியில் லேசாக ஈரம் கண்டதும் எடுத்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டும் வரை உட்கார்வது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். சீன மருத்துவம் சொல்வது நேர்மாறு: குளிர்காலம் மூடிச் சேர்த்துவைக்கும் காலம், வியர்வையாய் விட்டால் உள்ளே சேர்ந்த வெப்பம்தான் போகிறது. எழுந்திருக்கும்போது தலைசுற்றுவதும் அதனால்தான். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் செய்யாதீர்கள். நரம்புச் சுருட்டல், காலில் புண், கர்ப்பம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்ஜிங், பேராசிரியர்: மோக்சா சூடு வீட்டில் போட்டுக்கொள்ள ஏற்ற இடம் எது?

மோக்சா என்பது உலர்ந்த 'ஐ' இலையைச் சுருட்டிய குச்சியைப் பற்றவைத்துத் தோலுக்கு அருகில் சூடு காட்டுவது. அதற்கு ஏற்ற இடம் முழங்காலுக்குக் கீழே உள்ள 'சூசான்லி' புள்ளி. முழங்காலை மடக்கினால் முட்டிச்சில்லுக்குக் கீழ் வெளிப்பக்கம் ஒரு குழி தெரியும். அதிலிருந்து உங்கள் சொந்த விரல் நான்கின் அகலம் கீழே, முன்கணைக்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அழுத்தினால் கனமாக வலிக்கும்.

குச்சியின் நுனியைத் தோலிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள், ஒரு காலுக்கு 10 முதல் 15 நிமிடம், வாரம் இரண்டு மூன்று முறை. தோல் இளஞ்சிவப்பானால் போதும். சாம்பலை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுங்கள். தோலில் விழும் சாம்பலால்தான் பெரும்பாலான தீக்காயம் வருகிறது. ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். அணைக்கும்போது தண்ணீரில் முக்காமல், மணல் நிரப்பிய குறுகிய ஜாடியில் செருகுங்கள். இல்லையென்றால் மேலே அணைந்தது போலத் தெரிந்து, உள்ளே கனன்று குப்பைத்தொட்டியைப் பற்றவைக்கும். காய்ச்சல் இருக்கும்போதும், ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையிலும் வேண்டாம். கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் போடவே கூடாது.

சோங்சிங், மாணவர்: சளி பிடித்தால் உடனே இஞ்சி டீதானே அக்கா?

குளிர் நடுக்கம், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, தாகமில்லை என்றால் ஆம், வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு மூன்றும் சேர்த்து. தொண்டை சிவந்து வலி, மஞ்சள் சளி, காய்ச்சல்தான் அதிகம் என்றால் இஞ்சி கூடாது.

பெய்ஜிங், தந்தைக்காகக் கேட்கும் மகள்: அப்பாவுக்கு ரத்த அழுத்தம். காலை ஐந்தரைக்கே பூங்காவில் தாய்ச்சி செய்யக் கிளம்பிவிடுகிறார்.

பிடித்து உட்காரவையுங்கள். பழைய நூலான ஹுவாங்தி நெய்ஜிங்கே குளிர்காலத்தில் சீக்கிரம் படு, தாமதமாக எழு, வெயில் வரும்வரை காத்திரு என்கிறது. இருட்டுக் குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும். வெயில் வந்தபின், தொப்பியும் கழுத்துத்துணியும் போட்டுப் போகட்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுப் போவது முக்கியம். அதிமதுரம் சேர்ந்த கஷாயம் ஏதாவது குடிக்கிறாரா என்று பாருங்கள், தொடர்ந்து குடித்தால் அது அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.

ஷாங்ஹாய், வங்கி ஊழியர்: இங்கே குளிர்காலப் 'பசை மருந்து' எல்லாரும் சாப்பிடுகிறார்கள். தயாராய் விற்பதை வாங்கலாமா?

காவ்ஃபாங் என்கிற இந்தப் பசை மருந்து ஆளுக்கு ஆள் எழுதும் மருந்து. ஷாங்ஹாய், ஹாங்சோ பக்கம் டிசம்பர் 21 வாக்கில் குளிர்கால உச்சநாளில் தொடங்கி, பிப்ரவரி 4 வாக்கில் வரும் வசந்தத் தொடக்கம் வரை, காலையும் மாலையும் ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்துக் குடிப்பார்கள். அதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் செரிமானத்தைச் சரிசெய்யும் கஷாயம் தருவார்கள். நாக்கில் தடித்த மாவு படிந்திருக்கும்போது கழுதைத்தோல் பசை சேர்ந்த இந்த மருந்தைச் சாப்பிட்டால் வயிறு உப்பி, பசி போய்விடும். கடையில் எடுப்பதை விட நாடி பார்த்து எழுதும் மருத்துவரிடம் போங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். சளி பிடித்தால் குணமாகும் வரை நிறுத்துங்கள்.

மியான்யாங், மாணவர்கள் இருவர்: பக்கத்து வீட்டில் 'ஃபூசி' வேர் போட்ட ஆட்டுக்கறி சூப்புக்கு அழைக்கிறார்கள். கை கால் சில்லிடுவதற்கு இதைவிட நல்லது இல்லையாமே?

போங்கள், சாப்பிடாதீர்கள். உங்கள் பக்கத்து ஜியாங்யோ ஊர்தான் ஃபூசிக்குப் பேர்போனது, அதனால் அங்கே பழக்கம் அதிகம். அது நம் சித்த மருத்துவத்தில் நாவி என்கிற வேரின் இனம். அதில் உள்ள அகோனிடின் இதயத் துடிப்பையே குலைக்கும். நீண்ட நேரம் கொதித்தால்தான் அந்த நஞ்சு சிதைந்து வீரியம் குறைகிறது. வேர் எப்படிப் பதப்படுத்தியது, எத்தனை கிராம், எவ்வளவு நேரம் கொதித்தது என்பது விருந்துச் சட்டியில் யாருக்கும் தெரியாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், பதப்படுத்திய வேரை மற்ற மூலிகைகளுக்கு முன்பே தனியாகப் போட்டு, அவர் சொன்ன நேரம் முழுதும் கொதிக்கவிட வேண்டும். அதோடு சாராயம் கூடாது, நஞ்சு வேகமாக உடம்பில் ஏறும்.

சாப்பிட்டுவிட்டவருக்கு உதடும் நாக்கும் மரத்தால் அதுதான் முதல் அறிகுறி. பிறகு கை கால் மரமரப்பு, வாந்தி, படபடப்பு. இதற்கு மாற்று மருந்து கிடையாது, இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் வசதியுள்ள மருத்துவமனைதான் வழி. உதடு மரத்த உடனே, வாந்திக்குக் காத்திராமல், 120-ஐ அழையுங்கள். மீதி சூப்பையும் வேர்த்துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.