புற்றுநோய் கிளினிக்கில் வைரஸ் பற்றிய பேச்சு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். உடலுறவால் தொற்றும் வைரசே காரணம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கணவரிடம் என்ன கேட்பது? (களுவாஞ்சிகுடி வாசகி)

பதில்: குற்றம் சாட்டும் கேள்வி எதையும் கேட்க வேண்டாம். எச்.பி.வி. எனப்படும் அந்த வைரஸ் தாம்பத்திய வாழ்வில் இருக்கும் பெரும்பாலானோருக்கு எப்போதாவது தொற்றி, பலரில் ஓரிரு வருடங்களில் தானாகவே அகன்றுவிடுகிறது. சிலரில் மட்டும் நீங்காமல் தங்கி, பொதுவாக 15 முதல் 20 வருடங்கள் கழிந்த பின்னரே புற்றுநோயாக மாறுகிறது. ஆகவே அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த வைத்தியராலும் கூற இயலாது. உங்களில் எவருடைய ஒழுக்கத்துக்கும் அது சாட்சியல்ல. ஆண்களுக்கென வழமையான எச்.பி.வி. பரிசோதனையும் இல்லை. புற்றுநோயோ எவருக்கும் தொற்றாது. பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தயங்க வேண்டியதில்லை. காரணத்தைச் சொன்ன அதே இடத்தில் இவ்வளவையும் சொல்லியிருக்க வேண்டும். பாதியைச் சொல்லி அனுப்புவது, எதுவும் சொல்லாமல் விடுவதிலும் மோசமானது என்பது என் கருத்து.

கேள்வி: எமது வைத்தியர் சிங்களம் பேசுபவர், நோயாளியான தாய்க்குத் தமிழ் மட்டுமே தெரியும். மொழிபெயர்க்கும் மகன், வைரஸ் பற்றிய பகுதி வந்ததும், "ஏதோ கிருமியாம், அம்மா" என்று முடித்துவிடுகிறார். நாங்கள் தலையிடலாமா? (அம்பாறை மாவட்டத் தாதி உத்தியோகத்தர்)

பதில்: தலையிடத்தான் வேண்டும். மகனைக் குறை சொல்வதற்கில்லை. பெற்ற தாயிடம் அவர் அதைச் சொல்வார் என்று எதிர்பார்த்ததே பிழை. அந்தப் பகுதிக்கு மட்டும் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தமிழ் தெரிந்த தாதி ஒருவர் கதவுள்ள அறையில் அமர்ந்து பேசட்டும். திரைச்சீலையை இழுத்துவிட்டால் போதாது, ஏனெனில் அடுத்த கட்டிலில் இருப்பவர் பெரும்பாலும் நோயாளியின் ஊர்க்காரராகவே இருப்பார். இந்த வைரஸ் மிகப் பரவலானது என்பதை முதலில் சொல்லி, தொற்றும் விதத்தை அதன் பின்னர் சொல்லுங்கள். "நடத்தை", "கெட்ட பழக்கம்" என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்து, வீட்டில் யாருக்கு எதைத் தெரிவிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டறியுங்கள்.

கேள்வி: கீமோவுக்கு முன்னர் ஹெபடைடிஸ் பி பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். என்னைச் சந்தேகிக்கிறார்களா? (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: இல்லை. ஈரலில் அடங்கியிருக்கும் அந்த வைரஸ், சிகிச்சையால் நோயெதிர்ப்பு குறையும்போது மீண்டும் பெருகி ஈரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரைகளால் தடுக்கலாம். மேலும் அது உடலுறவால் மட்டுமன்றி இரத்தத்தாலும், பிரசவத்தில் தாயிடமிருந்தும் தொற்றுவது. இரத்தம் எடுக்கும்போதே இதைச் சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: அம்மாவுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். 6ஆம் தரத்தில் படிக்கும் என் மகளுக்குத் தடுப்பூசி அவசியமா? (கல்முனை வாசகி)

பதில்: அவசியம். அரசாங்கத்தின் தேசியத் திட்டத்தில் 2017 முதல் அந்த வயது மாணவிகளுக்கு வழங்கப்படும் எச்.பி.வி. தடுப்பூசி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணமான, இந்த வைரசின் 16, 18 ஆகிய வகைகளைத் தடுக்கிறது. அம்மாவுக்கு ஏற்கெனவே வந்த நோயை அது குணப்படுத்தாது. உங்களுக்கு 35 வயது ஆகியிருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.